ஸ்டீயரிங் திடீர்னு கனமாயிடுச்சா? பவர் ஸ்டீயரிங் கோளாறு, ரீகால் இழுபறி – புதுசா கார் வச்சிருக்கறவங்களுக்கு

போன வருஷம் ஒரு சாயங்காலம் பார்க்கிங்ல இருந்து வண்டிய வெளிய எடுத்து வலது பக்கம் திருப்பறேன், பாதி வளைவுல ஸ்டீயரிங் அப்படியே இறுகிப்போச்சு, லாக் விழுந்த மாதிரி இல்ல, ஆனா ஒரு மூட்டைய இழுக்கற மாதிரி கனம். பின்னாடி ஒரு வேன்காரர் விடாம ஹாரன் அடிக்கறாரு, ரெண்டு கையாலயும் தம் கட்டி இழுத்துதான் ஓரம் சேர்த்தேன். மீட்டர்ல பாத்தா ஸ்டீயரிங் படம், பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி, மஞ்சளா எரியுது. ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணேன், லைட்டு போச்சு, ஸ்டீயரிங் ஒரு விரல்ல சுத்துது. அப்பாடான்னு வீட்டுக்குப் போயிட்டேன். அந்த லைட்ட ஒரு போட்டோ எடுத்து வைக்கணும்னு தோணவே இல்ல, அந்த ஒரு போட்டோ இல்லாததுக்கு அப்புறம் எட்டு மாசம் அலைஞ்சேன்.

இதப் பத்தியும் ரீகால் (குறை இருக்கற வண்டிய கம்பெனி திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது) பத்தியும் யாராவது கேக்கறப்பல்லாம் துண்டு துண்டா சொல்லிட்டிருக்கேன், இப்ப மொத்தமா எழுதிடறேன். நான் மெக்கானிக் இல்ல, எனக்கு நேர்ந்ததும், பொறுமையா உக்காந்து சொல்லிக்குடுத்த ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கத்துக்கிட்டதும் சேர்ந்ததுதான் இது.

ஓடிட்டிருக்கறப்ப கனமாச்சுன்னா

முதல்ல பயப்படாதீங்க. பவர் போனாலும் அனேகமா எல்லாக் கார்லயும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இரும்புத் தண்டு அப்படியேதான் இருக்கு, அதனால வண்டி திரும்பும், கையோட பலத்துல திருப்பணும், அவ்ளோதான். ரெண்டு கையாலயும் கெட்டியா பிடிங்க, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க, ஹசார்டு லைட் போடுங்க, மெதுவா ஓரம் வாங்க. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, வேகம் குறையக் குறைய கனம் கூடும், ரொம்ப மெதுவா போறப்பதான் படு கனமா இருக்கும், அதனால நிக்கற இடத்த முன்னாடியே பாத்து வச்சுக்கிட்டு சின்ன வளைவா எடுத்து நிறுத்துங்க, ஒடிச்சுத் திருப்பற மாதிரி இடத்துக்குப் போகாதீங்க.

வண்டி ஓடறப்ப சாவிய மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. ஆஃப் பண்ணா ரீசெட் ஆயிடும்னு யாரோ சொன்னாங்கன்னு ஓடற வண்டியில செய்யறவங்க இருக்காங்க, இஞ்சின் நின்னா பிரேக்குக்கு வர்ற பூஸ்டும் ரெண்டு மூணு மிதிக்கு மேல இருக்காது, சாவி வண்டியா இருந்து சாவிய வெளிய உருவிட்டா ஸ்டீயரிங் லாக்கே விழுந்துடும். நின்னதுக்கு அப்புறம் என்ன வேணா பண்ணலாம்.

நின்னாச்சா, இப்பதான் முக்கியமான வேலை. ஆஃப் பண்றதுக்கு முன்னாடி போன எடுங்க. எரியற லைட்டு, ஓடோமீட்டர் கிலோமீட்டர், ஸ்கிரீன்ல ஏதாவது மெசேஜ் இருந்தா அது, எல்லாம் ஒரே போட்டோல வர்ற மாதிரி எடுங்க. அப்புறம் ஒரு பதினஞ்சு செகண்ட் வீடியோ, கூட யாராவது இருந்தா அவங்கள எடுக்கச் சொல்லிட்டு நீங்க ஸ்டீயரிங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுங்க, கை எவ்ளோ கஷ்டப்படுதுன்னு தெரியணும். இது அதிகப்படியா தெரியலாம், ஆனா எலக்ட்ரிக் ஸ்டீயரிங் கோளாறு வந்துட்டு வந்துட்டுப் போற ஜாதி, சர்வீஸ் சென்டர் வாசல்ல போய் நின்னா சமத்தா இருக்கும். அங்க உங்களுக்குப் பேச அந்த வீடியோதான் இருக்கும்.

அப்புறம் லைட்டோட கலர். பொதுவா மஞ்சள்னா பவர் உதவி குறைஞ்சிருக்கு, மெதுவா ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டிப் போயிடலாம், சிவப்புன்னா உதவி மொத்தமா போயிருக்கலாம், டோ பண்ணுங்க. வண்டிக்கு வண்டி இது மாறும், டேஷ்போர்டு பெட்டில கிடக்கற மேனுவல ஒரு தடவை எடுத்து அந்தப் பக்கத்த மட்டுமாவது படிச்சிடுங்க.

உங்க வண்டில இருக்கறது எந்த வகை

பானெட்டத் திறங்க. ஸ்டீயரிங் படம் போட்ட மூடியோட ஒரு சின்ன டப்பா இருந்தா ஆயில்ல ஓடற ஹைட்ராலிக். அப்படி எதுவும் இல்லன்னா அனேகமா எலக்ட்ரிக், இப்ப வர்ற கார்ல பெரும்பாலும் இதுதான். டப்பாவும் இருந்து, பம்ப்ப பெல்ட்டு சுத்தாம மோட்டார் சுத்தற கலப்பு வகையும் உண்டு.

ஹைட்ராலிக்ல கோளாறு பெரும்பாலும் காதுக்கும் கண்ணுக்கும் தெரியும். திருப்பறப்ப ‘ம்ம்ம்’னு முனகுச்சுன்னா ஆயில் குறைஞ்சு காத்து புகுந்திருக்கு, ‘கீச்’னு கத்துச்சுன்னா பெல்ட்டு வழுக்குது. மூடியத் திறந்து பாருங்க, ஆயில் மின், மேக்ஸ் கோட்டுக்கு நடுவுல இருக்கணும், நுரை தெரிஞ்சா காத்து, கருப்பா கருகின வாசனை அடிச்சா ஆயில் செத்துப் போச்சு. ஒண்ணே ஒண்ணு, கையில கிடைச்ச ஆயில ஊத்தாதீங்க, சில வண்டிக்கு சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்ல ஊத்தற ஆயில்), சிலதுக்கு பச்சை சிந்தெட்டிக், மாத்தி ஊத்தினா சீல் எல்லாம் உப்பி, சக்கரத்தத் திருப்பற ரேக்கே போயிடும், மூடி மேலயோ மேனுவல்லயோ எது வேணும்னு எழுதியிருக்கும். அடிக்கடி குறையுதுன்னா ஊத்திக்கிட்டே இருக்காம எங்க ஒழுகுதுன்னு பாக்கணும், ரேக்கோட ரெண்டு ஓரத்துலயும் இருக்கற ரப்பர் உறைய அமுக்கிப் பாத்தா உள்ள ஆயில் சேர்ந்திருக்கறது தெரியும். ஸ்டீயரிங்க கடைசி வரைக்கும் திருப்பி அங்கயே பிடிச்சு வச்சுக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க, பம்ப்புல பிரஷர் உச்சத்துக்குப் போயி சூடாயிடும்.

எலக்ட்ரிக் வேற கதை. ஸ்டீயரிங் தண்டுல ஒரு டார்க் சென்சார், நீங்க எவ்ளோ பலமா எந்தப் பக்கம் திருப்பறீங்கன்னு அது பாத்து சொல்லும், ஒரு கன்ட்ரோல் யூனிட் அதக் கேட்டு, வண்டி வேகத்தையும் சேர்த்துப் பாத்து, மோட்டார எவ்ளோ தள்ளணும்னு முடிவு பண்ணும். மோட்டார் ஸ்டீயரிங் காலம்னு (column) சொல்ற மேல் தண்டுப் பகுதியிலயே இருக்கலாம், இல்ல கீழ ரேக்குல இருக்கலாம். இதுல சென்சார் சிக்னல் ஒரு நொடி சந்தேகமா வந்தாக் கூட யூனிட் என்ன பண்ணும்னா, தப்பான பக்கம் தள்ளிடக் கூடாதுன்னு உதவியவே நிறுத்திடும். உங்க கையில திடீர்னு கனம் வர்றது அதனாலதான், அது ஒரு பாதுகாப்பு. திரும்ப ஸ்டார்ட் பண்ணா யூனிட் முதல்ல இருந்து செக் பண்ணி எல்லாம் சரின்னு உதவியக் குடுத்துடும், ஆனா அந்த லூஸ் கனெக்‌ஷனோ தேஞ்ச சென்சாரோ உள்ள அப்படியேதான் இருக்கு.

சர்வீஸ் சென்டர் போறதுக்கு முன்னாடி நீங்களே பாத்துட வேண்டியது

ஏன் சொல்றேன்னா, நீங்க பாக்கலன்னா அதையே காரணமா சொல்லி உங்களத் திருப்பி அனுப்புவாங்க.

முன் டயர் காத்து. காத்து குறைஞ்சாலே ஸ்டீயரிங் கனமாகும், ரெண்டு டயர்லயும் வேற வேறயா இருந்தா ஒரு பக்கம் இழுக்கும். வேகத்துல ஸ்டீயரிங் நடுங்குச்சுன்னா அது பெரும்பாலும் வீல் பேலன்ஸ், பவர் ஸ்டீயரிங்கோட சம்பந்தமில்ல. ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் தட்டித் தட்டித் திரும்பற மாதிரி இருந்தா தண்டுல இருக்கற ஜாயிண்ட்டு துருப்பிடிச்சிருக்கலாம், திருப்பினா ஸ்பிரிங் ‘டொங்’குனு சத்தம் வந்தா ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங், முன் சஸ்பென்ஷனோட மேல் பக்கம் இருக்கறது.

அடுத்தது பேட்டரி, இத விட்டுடாதீங்க. எலக்ட்ரிக் ஸ்டீயரிங் மோட்டார் நின்ன இடத்துல திருப்பறப்ப பல பத்து ஆம்பியர் கரண்ட் இழுக்கும், பேட்டரி சோர்ந்திருந்தாலோ டெர்மினல் லூசா இருந்தாலோ ஆல்டர்னேட்டர் சரியா சார்ஜ் பண்ணலன்னாலோ வோல்டேஜ் சரிஞ்சு யூனிட் உதவியக் குறைச்சிடும். ஒரு பேட்டரி கடைல லோடு டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட எழுதி வாங்கிக்கோங்க. என்னோட விஷயத்துல சர்வீஸ் அட்வைசர் எடுத்த எடுப்புலயே "பேட்டரி வீக்கா இருக்கும் மேடம், மாத்திப் பாருங்க"ன்னாரு, மாத்தினேன், மூணாம் வாரம் அதே மாதிரி நின்னேன். டெஸ்ட் பேப்பர் கையில இருந்திருந்தா அந்த செலவும் மூணு வாரமும் மிச்சம்.

பேட்டரி வயர மட்டும் நீங்களா கழட்டி மாட்டாதீங்க, யாரையும் கழட்டவும் விடாதீங்க, எரர் கோடு (கோளாறு வந்தா யூனிட் உள்ள பதிவாகற நம்பர்) எடுக்கற வரைக்கும். கழட்டி மாட்டினா லைட்டு அணையலாம், சில வண்டில பதிவும் போயிடலாம், அப்புறம் நீங்க சொல்றதுக்கு சாட்சி இல்ல.

கோடு எடுக்கறதுல ஒரு பிசகு நடக்கும். சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் பலதும் இஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும், ‘நோ கோடு’ன்னு காட்டும், நீங்களும் நம்பிடுவீங்க. ஸ்டீயரிங் கோடு சேசிஸ் பக்கம், சி எழுத்துல ஆரம்பிக்கும், கம்யூனிகேஷன் கோளாறுன்னா யு எழுத்து. ஸ்டீயரிங் யூனிட்டையே திறந்து படிக்கற ஸ்கேனர் வேணும். எந்த ஒர்க்‌ஷாப் போனாலும் முதல் வார்த்தையா இதச் சொல்லுங்க: "கோட அழிக்காதீங்க, முதல்ல பிரிண்ட் எடுத்துக் குடுங்க." ஸ்க்ரீன போட்டோ எடுத்தாலும் போதும், தேதியும் சேசிஸ் நம்பரும் அதுல தெரியணும். மெக்கானிக் அண்ணன் எனக்கு எடுத்துக் குடுத்த சீட்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ரெண்டே வரி, டார்க் சென்சார் சிக்னல்னு ஒண்ணு, எத்தனை தடவை வந்திருக்குன்னு ஒண்ணு. ஏழு தடவைன்னு இருந்தது. எனக்கு மூணு தடவைதான் தெரியும்.

ரீகால் இருக்கான்னு எப்படிப் பாக்கறது

பதிவுப் புத்தகத்துலயும், கண்ணாடி ஓரமோ கதவுத் தூண்லயோ ஒட்டின தகட்டுலயும் 17 எழுத்து சேசிஸ் நம்பர் இருக்கும், வின் நம்பர்னும் சொல்வாங்க. அதுல ஐ, ஓ, க்யூ மூணு எழுத்தும் வரவே வராது, ஓ மாதிரி தெரிஞ்சா அது பூஜ்யம், இது தெரியாம தப்பா டைப் பண்ணி ‘ரெகார்டு இல்ல’ன்னு வந்ததும் விட்டுட்டவங்கள எனக்குத் தெரியும். கம்பெனி சைட்ல இந்த நம்பரப் போட்டுப் பாருங்க, உங்க நாட்டு அரசாங்க சைட் இருந்தா அதுலயும் பாருங்க, அமெரிக்கால என்எச்டிஎஸ்ஏங்கற அரசு சாலைப் பாதுகாப்பு அமைப்போட சைட்ல இப்படி நேராப் பாக்கலாம். ஒரு தடவை பாத்துட்டு இல்லன்னு விட்டுடாதீங்க, ரீகால் லிஸ்ட்ட பின்னாடி பெருசாக்கறது சகஜம், மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. பழைய வண்டி வாங்கினவங்க கண்டிப்பா பாக்கணும், ரீகால் லெட்டர் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கும்.

இங்க ஒரு குழப்பம் வரும். ரீகால் வேற, சர்வீஸ் கேம்பெயின் வேற, வாரண்டி நீட்டிப்பு வேற. ரீகால்னா பாதுகாப்புக் குறைன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டது, இல்ல அரசாங்கம் உத்தரவு போட்டது, இலவசமா சரி பண்ணியாகணும். மத்த ரெண்டும் கம்பெனி விருப்பத்துல குடுக்கறது, கிலோமீட்டர் கணக்கு வருஷக் கணக்கு எல்லாம் போடும். சர்வீஸ் சென்டர்ல மூணையும் ஒரே பேர்ல பேசுவாங்க, "இது எது, எழுத்துல குடுங்க"ன்னு கேளுங்க.

சண்டை எங்க வருது

பெரும்பாலும் ரிப்பேர்ல என்ன பண்ணாங்கங்கறதுலதான் வருது. 2015ல ஃபோர்டு வட அமெரிக்கால சுமார் 4 லட்சத்து 23 ஆயிரம் வண்டிய எலக்ட்ரிக் ஸ்டீயரிங்குக்காகத் திரும்பக் கூப்பிட்டுச்சு, டாரஸ், ஃப்ளெக்ஸ், ஃப்யூஷன், லிங்கன் மாடல் சிலது. டீலர் முதல்ல யூனிட்ல இருக்கற கோடப் படிக்கணும், உதவி போனதுக்கான கோடு இருந்தா ஸ்டீயரிங் கியரையே (ரேக்க முழுசா) மாத்தணும், இல்லன்னா சாஃப்ட்வேர் அப்டேட் மட்டும். நான் கோடு கோடுன்னு அடிச்சுக்கறது இதுக்குத்தாங்க. யாரோ ஒருத்தர் போற வழியில சின்ன கேரேஜ்ல லைட்ட அணைக்கறேன்னு கோட அழிச்சிருந்தா, ஒரே கோளாறு இருக்கற ரெண்டு வண்டில ஒண்ணுக்குப் புது கியர், இன்னொண்ணுக்கு வெறும் சாஃப்ட்வேர்.

இன்னொண்ணு, ரீகால் வேலை முடிஞ்சிடுச்சுன்னா வண்டி குணமாயிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. 2010ல ஜிஎம் கம்பெனி கோபால்ட் முதலான சுமார் 13 லட்சம் வண்டிக்கு ஸ்டீயரிங் மோட்டார மாத்தற ரீகால் போட்டுச்சு. 2014ல மாலிபு, சாட்டர்ன் அயான், பான்டியாக் ஜி6னு இன்னொரு 13 லட்சம் வண்டிக்குப் போட்டப்ப, அந்த லிஸ்ட்லயே முந்தின ரீகால்ல 2010 மே 31க்கு முன்னாடி சில வண்டில மாட்டின பார்ட்ஸும் இருந்தது. அதனால "உங்க வண்டிக்கு ரீகால் ஏற்கெனவே முடிஞ்சது, சிஸ்டம்ல க்ளோஸ்னு காட்டுது"ன்னு சொன்னா தலையாட்டிட்டு வந்துடாதீங்க, என்ன வேலை, என்ன பார்ட் நம்பர், எந்தத் தேதின்னு கேளுங்க.

லைட்டு எரியாத கோளாறும் ரீகால் ஆகும். 2024ல ஹோண்டா அமெரிக்கால 2022 முதல் 2025 வரை மாடல் வண்டி சுமார் 17 லட்சத்துக்கு ரீகால் போட்டது ஸ்டீயரிங் நடுவுல ஒட்டிக்கற மாதிரி இறுகுதுன்னு, ஸ்டீயரிங் கியர்பாக்ஸ் உள்ள இருக்கற வார்ம் வீல்ங்கற பல்சக்கரம் சரியா தயாராகல, ஸ்பிரிங்க மாத்தி கிரீஸ் போடறதுதான் அதுக்கு வைத்தியம். நேர் ரோட்டுல லேசா திருத்தறப்ப ஒரு கொக்கியில மாட்டி விடுபடற மாதிரி கைக்குத் தெரிஞ்சா அத ‘என் கைதான் அப்படி’ன்னு ஒதுக்காதீங்க, எழுதிக் குடுங்க.

என் வண்டிக்கும் கடைசியில ரீகால் வந்தது. போனேன், அரை மணி நேரம், சாஃப்ட்வேர் போட்டு, ‘பாதிப்பு இல்ல’ன்னு குடுத்துட்டாங்க. பதினோரு நாள்ல திரும்பவும் அதே கனம், இந்தத் தடவை வீடியோ எடுத்தேன். அங்க நடந்ததுல இருந்து நான் பண்ணச் சொல்றது இதுதான்.

ஜாப் கார்டுல உங்க வார்த்தையில எழுத வைங்க. அட்வைசர் ‘ஸ்டீயரிங் செக்கப்’னு ரெண்டு வார்த்தை எழுதுவாரு, ஒத்துக்காதீங்க. "இந்தத் தேதி, இத்தனை கிலோமீட்டர்ல, இடது பக்கம் திரும்பறப்ப உதவி நின்னுபோச்சு, மஞ்சள் லைட் எரிஞ்சுது, வீடியோ இருக்கு"ன்னு இருக்கணும், அதுக்கப்புறம்தான் கையெழுத்து. வண்டி சரியாத்தான் இருக்குன்னு திருப்பிக் குடுத்தாலும் ‘குறை காணப்படவில்லை’ன்னாவது எழுத்துல வாங்குங்க, அது உங்களுக்கு எதிரா இருக்கற மாதிரி தெரியும், ஆனா எத்தனை தடவை வந்தீங்கங்கறதுக்கு அதுதான் கணக்கு. என்கிட்ட அப்படி நாலு ஜாப் கார்டு சேர்ந்தது.

டெஸ்ட் டிரைவுக்கு நீங்களும் கூடப் போங்க, வண்டி குளுந்திருக்கறப்ப வருதா சூடானப்புறம் வருதான்னு கவனிச்சு வச்சு அந்த நேரத்துல ஓட்டச் சொல்லுங்க. முடியலன்னா ஒரு நைட்டு வண்டிய அங்கயே விட்டு காலையில முதல் ஸ்டார்ட்ட அவங்களையே பாக்கச் சொல்லுங்க.

டீலர்கிட்ட முடியலன்னா கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க, போன்ல பேசினாலும் அதே நாள் "இன்னைக்கு நாம பேசினது இது"ன்னு ஒரு மெயில், கேஸ் நம்பர் வாங்காம போன வைக்காதீங்க. கோபத்த எழுதாதீங்க, தேதி, கிலோமீட்டர், கோடு, ஜாப் கார்டு நம்பர், என்ன வேணும்ங்கறது ஒரு வரி, அஞ்சும் போதும். அதுக்கு மேல அரசாங்கப் புகார். அமெரிக்கால என்எச்டிஎஸ்ஏக்கு ஓனர்கள் அனுப்பற புகார்ல இருந்துதான் பல விசாரணை ஆரம்பிக்குது. இந்தியால 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துல 110ஏ பிரிவு வந்ததுக்கப்புறம் மத்திய அரசே கம்பெனிய ரீகால் பண்ணச் சொல்லி உத்தரவு போடலாம், அதுபோக நுகர்வோர் ஆணையம் இருக்கு. உங்க சேசிஸ் நம்பர் லிஸ்ட்ல இல்ல, ஆனா அதே மாடல் அதே கோளாறுன்னாலும் புகார் குடுங்க, லிஸ்ட் பெருசாகறதே இப்படிப்பட்ட புகாராலதான்.

ரீகால் வர்றதுக்கு முன்னாடியே கைக்காசு போட்டு சரி பண்ணிட்டீங்களா, பில்ல தூக்கிப் போடாதீங்க. பணம் திருப்பிக் கேக்க பல ரீகால்ல வழி இருக்கு, பில்லுல ‘ஸ்டீயரிங் வேலை’ன்னு மொட்டையா இல்லாம பார்ட் நம்பரும் காரணமும் இருக்கணும், கழட்டின பழைய பார்ட்டயும் வாங்கி வச்சுக்கோங்க.

சரி பண்ணி வண்டிய எடுக்கறப்ப

சாவி குடுத்ததும் கிளம்பிடாதீங்க. இக்னிஷன் போட்டா ஸ்டீயரிங் லைட்டு எரிஞ்சு சில நொடியில அணையணும், எரியவே இல்லன்னாலும் கேளுங்க. நின்ன இடத்துல ரெண்டு கடைசிக்கும் திருப்பிப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே இலகு இருக்கணும். நேர் ரோட்டுல போறப்ப ஸ்டீயரிங் நேரா நிக்கணும், கோணலா நின்னா அலைன்மென்ட்டோ, ஸ்டீயரிங் எவ்ளோ திரும்பியிருக்குன்னு பாக்கற ஆங்கிள் சென்சார் செட்டிங்கோ பண்ணாம விட்டிருக்காங்க, ரேக்கு காலம் எது மாத்தினாலும் அந்த செட்டிங் பண்ணியே ஆகணும், பண்ணலன்னா வழுக்கறப்ப வண்டியப் பிடிச்சு நிறுத்தற ஸ்டெபிலிட்டி சிஸ்டமும் தப்பா வேலை செய்யும். பில்லுல புது பார்ட் நம்பர், சாஃப்ட்வேர் வெர்ஷன், அந்த ரிப்பேருக்கு எத்தனை நாள் வாரண்டி, மூணும் இருக்கான்னு பாருங்க.

அந்த வீடியோவையும் ஏழு தடவைன்னு காட்டின சீட்டையும் நாலு ஜாப் கார்டையும் சேர்த்து மெயில்ல அனுப்பினப்புறம் எனக்கு ஸ்டீயரிங் காலத்தையே மாத்திக் குடுத்தாங்க, காசு வாங்கல. மாத்தி அஞ்சு மாசம் ஆச்சு, ஒவ்வொரு மாசமும் முதல் தேதி அந்த 17 எழுத்தப் போட்டு இன்னமும் பாத்துட்டுதான் இருக்கேன்.